சம்பவத்திரட்டும் உட்பொதி தரவுத்தளமும்

கப்பலின் கதியை அளத்தற்கு முற்கால மாலுமிகள் கையாண்ட முறை மிக எளியது. முடிச்சுகள் இட்ட நீண்ட கயிற்றின் நுனியில் மரத்துண்டொன்றைக் கட்டிக் கடலில் எறிவர். குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுகள் கையினின்றும் கழிந்தன என எண்ணிக் கதியை அறிவர். அம்மரத்துண்டுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் ‘லொக்’ என்பதாம். அவ்வாறு அறிந்த கதியை நேரந்தோறும் எழுதிவைத்த ஏடு ‘லொக் புத்தகம்’ எனப்பட்டது. நாளடைவிற் காற்று, திசை, விபத்து முதலாகக் கப்பலில் நிகழ்ந்தன யாவும் அவ்வேட்டில் இடம்பெறலாயின. நம் பாடசாலைகளிலே சம்பவத்திரட்டுப் புத்தகம் என வழங்கும் ஏடும் ஆங்கிலத்தில் அப்பெயரையே உடையது.

கணினிச் செய்நிரல்களும் இத்தகைய சம்பவத்திரட்டுகளை வைத்திருக்கின்றன. இன்ன நேரத்தில் இன்ன கருவி இன்ன அளவைத் தந்தது, இன்ன கட்டளை நிறைவேறியது, இன்ன பிழை நேர்ந்தது என்றவாறு அவை தம் செயல்களைத் தாமே எழுதிச் செல்கின்றன. எல்லாம் செவ்வனே நடக்குங்கால் அதனைப் புரட்டிப் பார்ப்பார் இலர். கேடு வந்த பின்னரே அதனைத் தேடுவர். தேடுவார்க்கு வேண்டுவதும் பெரும்பாலும் கேட்டுக்கு முந்திய சில கணங்களின் பதிவேயாகும். ஆனால், செய்நிரல் நின்றபோதும் மின்சாரம் அற்றபோதும் முதலில் அழிந்துபோவனவும் அக்கடைசிப் பதிவுகளே. சம்பவத்திரட்டின் பயனும் அதன் இடரும் இவ்வாறு ஓரிடத்திலேயே கூடுகின்றன. ஆகவே, செய்நிரலாளர் ஒருவர் ‘எழுதினேன்’ என்று கூறும்போது அவ்வெழுத்து எங்கே இருக்கின்றது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. சீ மொழியிற் செய்நிரல் எழுதுவோர் சம்பவத்திரட்டையும் அதனோடு சேர்ந்துவரும் துவிதத் தரவுகளையும் உட்பொதி தரவுத்தளம் ஒன்றிற் பதியும் முறையையும், அதன் நன்மை தீமைகளையும் இந்நோக்கிலே ஆராய்வோம்.

எழுதுதலும் பதிதலும்

சீ மொழி 1970ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பட்டது. யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை எழுதுதற்கு அது பயன்பட்டது. பொறியின் நினைவகத்தைப் பைற்று பைற்றாகக் கையாள இடந்தருவது அதன் சிறப்பு. அருமையான அச்சுதந்திரத்தின் மறுபுறமாக, பிற மொழிகள் தாமே செய்துதரும் காவற் பணிகள் பலவற்றைச் சீ மொழியிற் செய்நிரலாளரே செய்தல் வேண்டும்.

சீ மொழியிற் சம்பவத்திரட்டு எழுதுதற்கு யாவரும் முதலிற் கையாளும் வழி, ஒரு கோப்பைத் திறந்து அதன் இறுதியில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துச் செல்வதாகும். எழுதுமாறு நூலகச் செயற்கூறைப் பணித்தவுடன் அது ‘எழுதியாயிற்று’ என விடையிறுக்கின்றது. உண்மையில் அவ்வரி அப்போது வட்டைச் சென்றடைந்திருப்பதில்லை. முதலில் அது செய்நிரலுக்கு உரிய இடைத்தங்கல் நினைவகத்திற் காத்திருக்கும். அங்கே இடம் நிரம்பிய பின்னர்ப் பணிசெயல் முறைமையின் நினைவகத்துக்குச் செல்லும். அம்முறைமை தனக்கு வசதியான வேளையில் அதனை வட்டுக்கு அனுப்பும். வட்டினுள்ளும் சிறு நினைவகம் ஒன்று உண்டு. ஆங்குந் தங்கியே அது நிலையான இடத்தை அடைகின்றது.

இத்தங்கல்கள் வேகத்தின் பொருட்டு அமைந்தவை. செய்நிரல் இடையில் முறிந்தால் முதலாந் தங்கலில் இருந்தவை அழியும். மின்சாரம் அற்றால் இரண்டாந் தங்கலில் இருந்தவையும் அழியும். வட்டுக்குச் சென்ற வரியும் பாதியளவிலே நின்றுவிடக்கூடும். அது வெறும் எழுத்து வரியாயின், படிப்பவர் பாதி வரி என்பதை உணர்ந்து தள்ளிவிடுவர். எண்களும் அளவீடுகளும் துவித வடிவில் நெருக்கமாக அடுக்கப்பட்ட கோப்பாயின், ஒரு பதிவு குறைவுற்ற இடத்திலிருந்து அதன் பின் வரும் யாவும் பொருள் மாறித் தோன்றும். முடிவில்லாத பதிவு எது, முடிவுற்ற பதிவு எது என அறிதற்கும் வழியில்லாது போகும்.

துவிதத் தரவின் இயல்பு

சம்பவத்திரட்டு என்றவுடன் சொற்களாலாய வரிகளே நினைவுக்கு வரும். எனினும், கருவிகளோடு தொடர்புடைய செய்நிரல்கள் பதிய விரும்புவன பெரும்பாலும் சொற்கள் அல்ல. ஒலியலையின் ஒரு துண்டு, படமொன்று, வலையமைப்பில் வந்த செய்தியின் மூலவடிவம், கருவி அனுப்பிய அளவீட்டுத் தொகுதி ஆகியவை வெறும் பைற்றுத் தொடர்களே. இவற்றைத் துவிதத் தரவு என்பர்.

இத்தரவைச் சீ மொழியிற் கையாளும்போது ஒரு பெரும் இடர் எதிர்ப்படும. அம்மொழியில் எழுத்துத்தொடர் ஒன்றின் நீளம் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. பூச்சியப் பெறுமானமுள்ள பைற்று ஒன்று வருமிடத்தே தொடர் முடிந்தது எனக் கொள்வதே வழக்கு. துவிதத் தரவிலோ பூச்சியம் எங்கும் வரும். எடுத்துக்காட்டாக, 5 என்னும் எண்ணை நான்கு பைற்றுகளில் வைக்கும் இன்றைய பொறிகளுட் பெரும்பாலானவை 5, 0, 0, 0 என்ற ஒழுங்கில் அதனை வைக்கின்றன. அதனை எழுத்துத்தொடர் எனக் கருதிப் படியெடுத்தால் முதற் பைற்றுடன் படியெடுத்தல் நின்றுவிடும். எஞ்சிய பகுதி சத்தமின்றி மறையும்; பிழையென எச்சரிக்கையும் எழாது.

இதனைத் தவிர்த்தற்குத் துவிதத் தரவை எழுத்துக்களாக மாற்றி எழுதுவாருமுளர். ஒவ்வொரு பைற்றையும் பதினாறின் அடியெண்ணில் இரண்டு எழுத்துக்களாக எழுதினால் அளவு இருமடங்காகும். ‘பேஸ்64’ என்னும் முறையில் மூன்று பைற்றுகள் நான்கு எழுத்துக்களாவதால் அளவு மூன்றிலொரு பங்கு கூடும். அன்றியும், எழுதும்போதும் படிக்கும்போதும் மாற்றம் செய்யவேண்டிய உழைப்பும் சேரும். நீளத்தையும் தரவையும் ஒருங்கே காத்து, பைற்றுகளை உள்ளவாறே வைத்துத் திருப்பித் தரும் ஒரு பேழை கிடைக்குமாயின் இவ்வளவு இடர்ப்பாடும் வேண்டா. அப்பேழையே இக்கட்டுரைப் பொருளாகிய உட்பொதி தரவுத்தளம்.

உட்பொதி தரவுத்தளம் யாது?

பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்கள் சேவையகம் என்னும் தனிச் செய்நிரலால் ஆளப்படுகின்றன. தரவு வேண்டும் செய்நிரல்கள் அச்சேவையகத்துக்கு வினவல் அனுப்பி விடைபெறும். இவ்வமைப்புக்குச் சேவையகத்தை நிறுவுவாரும் பராமரிப்பாரும் வேண்டும். உட்பொதி தரவுத்தளமோ தனிச் செய்நிரல் அன்று. அது ஒரு நூலகம்; நம் செய்நிரலோடு ஒன்றாக இணைந்து, அதன் உள்ளுறுப்பாகவே இயங்குவது. யூனிக்ஸ் முறைமையில் 1979ஆம் ஆண்டளவில் கென் தொம்சன் ஆக்கிய ‘டீ.பி.எம்.’ இவ்வகையில் முன்னோடியாகும். அதன் பின் ‘பேர்க்லி டீ.பி.’ முதலியன தோன்றின. இன்று இவ்வகையில் மிகப் பரந்து வழங்குவது எஸ்.கியூ.லைற் என்பதாம்.

அது தோன்றிய வரலாறு நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. 2000ஆம் ஆண்டில் றிச்சாட் ஹிப் என்னும் அமெரிக்கச் செய்நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் ஏவுகணை தாங்கிய நாசகாரிக் கப்பலுக்குரிய செய்நிரலொன்றில் ஈடுபட்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் நேருங்கால் அதனைக் கட்டுப்படுத்தற்கு உதவுவது அச்செய்நிரல். அது இன்போமிக்ஸ் என்னும் தரவுத்தளச் சேவையகத்தை நம்பியிருந்தது. கப்பல் சேதமுற்று அமைப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும் வேளையிற் சேவையகமும் நின்றுவிடின், எவ்வேளைக்கென ஆக்கப்பட்டதோ அவ்வேளையிலேயே செய்நிரல் பயனற்றுப்போகும். ஆதலின், சேவையகமும் பராமரிப்பாளரும் இன்றி, வட்டிலுள்ள கோப்பை நேரே திறந்து இயங்கும் தரவுத்தளம் ஒன்றை ஹிப் எண்ணினார். அவ்வெண்ணம் 2000ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் முதற் பதிப்பாக வெளிவந்தது.

எஸ்.கியூ.லைற் முற்றிலும் சீ மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் முழுவதையும் ஒரே கோப்பாகப் பெற்று நம் செய்நிரலோடு சேர்த்துத் தொகுக்கலாம். எவருடைய உரிமைக்கும் உட்படாது பொதுவுடைமையாக வழங்கப்படுவதால் விலையோ அனுமதியோ வேண்டியதில்லை. அதன் மூன்றாம் பதிப்பு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு பெறுமானமும் வெறுமை, முழுவெண், மெய்யெண், எழுத்துத்தொடர், ‘புளொப்’ என்னும் ஐவகையுள் ஒன்றாக வைக்கப்படும். புளொப் என்பது துவிதத் தரவைக் குறிக்கும். அது நீளத்துடன் காக்கப்படும். இடையிற் பூச்சியம் வரினும் முடிவதில்லை.

தரவுத்தளம் முழுவதும் வட்டில் ஒரே கோப்பாகவே அமையும். அக்கோப்பு சம அளவான பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பக்கத்தின் அளவு 2016ஆம் ஆண்டிலிருந்து, வேறு கூறாவிடின், 4,096 பைற்றுகள். பதிவுகள் ‘பீ-மரம்’ என்னும் அமைப்பில் ஒழுங்குறுகின்றன. ஆதலால் இலட்சக்கணக்கான பதிவுகளுள் ஒன்றை அடைதற்கும் சில பக்கங்களைப் படித்தலே போதும். ‘நேற்று இரவு இரண்டு மணி முதல் மூன்று மணி வரை மூன்றாங் கருவியில் நேர்ந்த பிழைகள் எவை?’ என ஒரே வினவலாற் கேட்டு விடைபெறலாம். வெறுங் கோப்பாயின் அதனைத் தலையிலிருந்து முடிவுவரை படிக்க நேரும்.

மீட்பு நாளேடும் முதற்பதிவேடும்

இனி, கடைசிப் பதிவுகள் எங்ஙனம் காக்கப்படுகின்றன என்பதைக் காண்போம். ஒன்றாக நிறைவேறவேண்டிய மாற்றங்களின் தொகுதியைப் பரிமாற்றம் என்பர். ஒரு பரிமாற்றம் முழுவதும் பதியப்படும். அன்றேல் சிறிதும் பதியப்படாது. இடைநிலை என ஒன்றில்லை. இவ்வுறுதியைத் தருதற்கு எஸ்.கியூ.லைற் இரு வழிகளைக் கையாளுகின்றது.

முதலாவது மீட்பு நாளேட்டு முறை. ஒரு பக்கத்தை மாற்றுமுன் அதன் பழைய வடிவம் வேறொரு கோப்பிற் படியெடுக்கப்படும். அப்படி வட்டிற் சேர்ந்தமை உறுதியான பின்னரே மூலக் கோப்பு மாற்றப்படும். மாற்றமும் வட்டிற் சேர்ந்தபின் நாளேடு நீக்கப்படும். நாளேடு நீங்கும் அக்கணமே பரிமாற்றம் நிறைவேறிய கணம். இடையில் மின்சாரம் அற்றால், மறுமுறை தரவுத்தளத்தைத் திறக்கும்போது நாளேடு எஞ்சியிருப்பது காணப்படும். அதிலுள்ள பழைய பக்கங்கள் மீளவும் உரிய இடங்களில் வைக்கப்படும்.

இரண்டாவது முறை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிற் சேர்க்கப்பட்டது. வணிகக் கல்வி பயில்வார்க்கு அது புதியதன்று. கொடுக்கல் வாங்கல்களை முதலில் முதற்பதிவேட்டில் எழுதிப் பின்னரே பேரேட்டுக்கு மாற்றுவர் அன்றோ? அவ்வாறே இம்முறையிற் புதிய பக்கங்கள் யாவும் முதற்பதிவேடாகிய தனிக் கோப்பின் இறுதியிற் சேர்க்கப்படும். மூலக் கோப்பு தொடப்படாது. பரிமாற்றத்தின் முடிவைக் காட்டும் குறியும், ஒவ்வொரு பக்கமும் பழுதின்றி உள்ளதா எனச் சோதித்தற்குரிய கூட்டெண்ணும் உடன் எழுதப்படும். முதற்பதிவேட்டில் ஏறக்குறைய 1,000 பக்கங்கள் சேர்ந்தபின் அவை மூலக் கோப்புக்கு மாற்றப்படும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கையில் மற்றையோர் தடையின்றிப் படிக்கலாம் என்பது இதன் மற்றொரு நன்மை. இடையறாது இறுதியிற் சேர்த்துச் செல்லும் சம்பவத்திரட்டுக்கு இம்முறையே பெரிதும் ஏற்றது.

பதியும் ஒழுங்கு

சீ மொழியிலிருந்து ஒரு பதிவைச் செய்தற்குரிய படிகள் ஐந்து. முதலாவது, ‘இவ்வட்டவணையில் இந்நிரல்களிற் பெறுமானங்களைச் சேர்’ என்னும் கட்டளையை, பெறுமானங்கள் வரவேண்டிய இடங்களில் வினாக்குறியிட்டு, ஆயத்தஞ் செய்தல். இரண்டாவது, அவ்விடங்களில் நேரம், கருவி எண், துவிதத் தரவு என்பவற்றைப் பிணைத்தல். மூன்றாவது, கட்டளையை நிறைவேற்றுதல். நான்காவது, அதே கட்டளையை அடுத்த பதிவுக்காக மீளமைத்தல். ஐந்தாவது, பணி முடிந்தபின் அதனை விடுவித்தல். முதலாம் ஐந்தாம் படிகள் ஒருமுறையே செய்யப்படும். இடைப்பட்ட மூன்றும் பதிவுதோறும் நிகழும்.

பெறுமானங்களைக் கட்டளை வாசகத்தினுள்ளேயே எழுத்தாகச் சேர்த்து அனுப்புதல் எளிதெனத் தோன்றும். அது தவறான வழி. செய்தியொன்றில் மேற்கோட்குறி வந்தால் கட்டளை முறியும்; தீய நோக்குடையார் அவ்வழியே தம் கட்டளையையும் நுழைத்துவிடலாம். பிணைத்தல் முறையில் தரவு தரவாகவே செல்லும், கட்டளையோடு கலவாது.

துவிதத் தரவைப் பிணைக்கும்போது தரவு தங்கியுள்ள நினைவக முகவரியோடு அதன் நீளத்தையும் பைற்றுக் கணக்கிற் கொடுத்தல் வேண்டும். அத்துடன் மற்றொன்றையும் தெரிவித்தல் வேண்டும்: நாம் காட்டிய நினைவகம் கட்டளை நிறைவேறும்வரை மாறாதிருக்குமா, அன்றித் தரவுத்தளமே படியெடுத்துக்கொள்ளல் வேண்டுமா என்பது. மாறாதென வாக்களித்துவிட்டு, அவ்விடத்திற் கருவியின் அடுத்த அளவீட்டை நிரப்புவோமாயின், முந்திய நேரத்தின்கீழ்ப் பிந்திய அளவீடு பதியப்படும். பதிவு இல்லாமையினும் பொய்ப்பதிவு கொடிது; ஏனெனில் அதனை யாரும் ஐயுறுவதில்லை. ஐயமுள்ள இடத்துப் படியெடுக்குமாறு கூறுதலே தக்கது.

பைற்றுகளின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும் பொறிகளும், சிறிய பகுதியை முதலில் வைக்கும் பொறிகளும் உள. ஜொனதன் சுவிவ்ற் 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா எனப் போரிடும் மக்கள் வருவர். 1980ஆம் ஆண்டில் டனி கோகன் என்னும் அறிஞர் இவ்விருவகைப் பொறிகளுக்கும் அக்கட்சிகளின் பெயரையே சூட்டினார். எஸ்.கியூ.லைற் தன் கோப்பின் அமைப்பெண்களைப் பெரிய பகுதி முதலில் வரும் ஒழுங்கிலேயே எங்கும் எழுதுவதால், கோப்பை எப்பொறிக்கும் கொண்டுசெல்லலாம். ஆனால், புளொப்பின் உள்ளே இருப்பதை அது ஆராய்வதோ மாற்றுவதோ இல்லை. சீ மொழிக் கட்டமைப்பொன்றை நினைவகத்தில் உள்ளவாறே புளொப்பாகப் பதிந்தால், பொறிக்குரிய பைற்று ஒழுங்கும், உறுப்புகளுக்கிடையே தொகுப்பான் விடும் வெற்றிடங்களும் உடன் பதியப்படும். ஒரு பைற்று எழுத்தும் நான்கு பைற்று எண்ணும் கொண்ட கட்டமைப்பு ஐந்து பைற்றுகளன்றிப் பெரும்பாலும் எட்டுப் பைற்றுகளைக் கொள்வது இதனாலாம். பத்தாண்டுகளின் பின் வேறொரு பொறியிற் படிப்பவர் இதனை அறியார். ஆகவே, தேடுதற்குரிய பெறுமானங்களைத் தனி நிரல்களில் வைத்து, புளொப்பின் உள்ளமைப்புக்கு ஒரு பதிப்பெண் கொடுத்து அதனையும் தனி நிரலிற் பதிதல் நன்று.

பெரிய புளொப் ஒரு பக்கத்துள் அடங்காதபோது அது தொடர்ச்சியான பல பக்கங்களுக்கு வழிந்து செல்லும். ஆதலின் அந்நிரலை அட்டவணையின் இறுதியில் வைத்தால், முன்னுள்ள சிறு நிரல்களைப் படித்தற்கு அப்பக்கங்களைக் கடக்க வேண்டியிராது. சிறு புளொப்புகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைப்பதினும் தரவுத்தளத்தில் வைப்பது விரைவானதென எஸ்.கியூ.லைற் ஆக்கியோர் 2017ஆம் ஆண்டிற் செய்த அளவீடுகள் காட்டின. ஏறக்குறைய 10,000 பைற்று அளவினவற்றில் வேகம் 35 வீதம் மிகுந்திருந்தது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் உழைப்பு மிஞ்சுவதே காரணம். மிகப் பெரிய ஒலி, ஒளிப் பதிவுகளையோ தனிக் கோப்புகளாக வைத்து, அவற்றின் பெயரை மட்டும் தரவுத்தளத்திற் பதிதல் பொருத்தமானது.

உறுதிக்குரிய விலை

‘பதிந்தேன்’ என்னும் உறுதிக்கு விலை உண்டு, அவ்விலை நேரம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு செக்கனில் 120 முறை சுழலும். மீட்பு நாளேட்டு முறையில் ஒரு பரிமாற்றம் உறுதியாக ஏறக்குறைய இரண்டு சுழற்சிகள் வேண்டும். எனவே, செக்கனுக்கு 60 பரிமாற்றங்களே இயலும். ஒவ்வொரு பதிவையும் தனிப் பரிமாற்றமாகச் செய்தால் 10,000 பதிவுகளுக்கு 167 செக்கன்கள் செல்லும். 100 பதிவுகளை ஒரு பரிமாற்றமாகத் தொகுத்தால் நூறு பரிமாற்றங்களே தேவை. அவை இரண்டு செக்கன்களுள் முடியும். சுழலாத திண்ம வட்டுகளில் இவ்வேறுபாடு சுருங்கும், ஆயினும் மறையாது.

தரவுத்தளம் மெதுவானது என முறையிடுவோர் பெரும்பாலும் இவ்வுண்மையை அறியாதோரே. ஆனால், தொகுப்பதால் வரும் இழப்பையும் மறத்தலாகாது. நூறு பதிவுகளைத் தொகுக்கும் செய்நிரல் தொண்ணூற்றொன்பதாம் பதிவில் முறிந்தால் அத்தொண்ணூற்றொன்பதும் இல்லையாகும். நாம் தேடப்போகும் கடைசிக் கணங்கள் அவையே. ஆகவே எல்லாப் பதிவுகளையும் ஒருநிகராக நடத்தாது, அவற்றின் தன்மை நோக்கி நடத்துதல் வேண்டும். வழக்கமான அளவீடுகளைத் தொகுத்துச் செல்க. தொகுதி நிரம்பினும் ஒரு செக்கன் கழியினும், எது முந்துகின்றதோ அப்போது பரிமாற்றத்தை முடிக்க. பாரதூரமான பிழையொன்று நிகழ்ந்தாலோ அதனைப் பதிந்தவுடன், தொகுதி நிரம்பக் காத்திராது முடிக்க. அவ்வாறு முடிக்கும்போது, பிழைக்கு முன் காத்திருந்த வழக்கமான பதிவுகளும் உடன் நிலைபெறும். கேட்டுக்கு முந்திய கணங்கள் இங்ஙனம் தம் ஒழுங்கு குலையாது காக்கப்படுகின்றன.

முதற்பதிவேட்டு முறையில் மற்றொரு தெரிவும் உண்டு. பரிமாற்றந்தோறும் வட்டிற் சேர்ந்ததை உறுதிசெய்யாது, மூலக் கோப்புக்கு மாற்றும் வேளையில் மட்டும் உறுதிசெய்யுமாறு அமைக்கலாம். அப்போது செய்நிரல் முறியினும் முடிந்த பரிமாற்றங்கள் அழியா; மின்சாரம் அற்றால் மட்டும் கடைசிப் பரிமாற்றங்கள் சில இழக்கப்படலாம்; எனினும் தரவுத்தளம் சிதையாது. பல தேவைகளுக்கு இது போதும். எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதைச் செய்நிரலாளர் முன்னரே தெளிதல் வேண்டும்.

கருத்திற் கொள்ளவேண்டியவை

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். முதலாவது, சம்பவத்திரட்டைச் செய்நிரலின் ஏனைய தரவுகள் உள்ள கோப்பில் வைத்தலாகாது. பணியொன்று பிழைபட்டு அதன் பரிமாற்றம் மீளப்பெறப்படும்போது, அதே பரிமாற்றத்துள் எழுதிய ‘பிழை நேர்ந்தது’ என்னும் குறிப்பும் உடன் அழியும். குற்றம் தன் சாட்சியையும் அழித்துச் செல்வது போன்றது இது. சம்பவத்திரட்டைத் தனிக் கோப்பிற் தனி இணைப்பினூடாக எழுதினால் இவ்விடர் நீங்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு செயற்கூறும் தரும் விடையெண்ணைச் சோதித்தல் வேண்டும். வட்டு நிரம்பியது, வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்னுஞ் செய்திகள் அவ்விடையெண்ணாலேயே தெரிவிக்கப்படும். சீ மொழி அதனைப் புறக்கணிக்க இடங்கொடுக்கும். புறக்கணித்தால் பதிவுகள் ஓசையின்றி விடுபடும். ஒரு நேரத்தில் ஒருவரே எழுத இயலுமாதலால், சிறிது காத்திருந்து மீள முயலுமாறு அமைத்தலும் வேண்டும்.

மூன்றாவது, பழைய பதிவுகளை நீக்கினாலும் கோப்பின் அளவு தானே சுருங்காது. வெறுமையான பக்கங்கள் அடுத்த பதிவுகளுக்கெனக் கோப்பினுள்ளேயே வைக்கப்படும். ஆதலால், எத்தனை நாட்பதிவைக் காப்பது என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்து, எஞ்சியவற்றை முறையாக நீக்கி வருதல் நன்று.

நான்காவது, இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மூலக் கோப்பை மட்டும் படியெடுத்துக் காப்புப்படி எனக் கொள்ளலாகாது. நாளேடோ முதற்பதிவேடோ உடனின்றி அது நிறைவுடையதன்று. இதற்கென நூலகம் தரும் காப்புப்படி வழியையே கையாளல் வேண்டும். முதற்பதிவேட்டு முறை வலையமைப்பினூடாகப் பகிரப்படும் கோப்புகளில் இயங்காது என்பதையும் நினைவிற் கொள்க. பல கணினிகள் ஒரே திரட்டில் எழுதவேண்டுமாயின் சேவையகம் உள்ள தரவுத்தளமே உரியது.

ஐந்தாவது, வட்டுக்குச் சேராத தரவைச் சேர்ந்ததெனக் கூறும் வட்டுகளும் உள. அத்தகைய வட்டின்மேல் எத்தரவுத்தளமும் முழு உறுதி தரவியலாது. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியளவே என்க.

இதுகாறும் கூறியவாற்றால், உட்பொதி தரவுத்தளம் சீ மொழிச் செய்நிரலாளரின் பாரத்தைப் பெரிதுங் குறைக்கின்றது என்பதும், அவருடைய பொறுப்பை நீக்குவதில்லை என்பதும் புலனாகும். பாதிப்பதிவு என்னும் இடரை அது நீக்குகின்றது. துவிதத் தரவை உள்ளவாறே காக்கின்றது. வேண்டியதைத் தேடித் தருகின்றது. ஆனால், எப்பதிவை எக்கணத்தில் நிலைபெறச் செய்வது, எதனை இழந்தாலும் தாங்கலாம், எதனை இழக்கலாகாது என்பவற்றை எந்நூலகமும் நமக்காகத் தீர்மானிக்காது. அத்தீர்மானத்தைக் கேடு வருமுன் அமைதியான வேளையிற் செய்து வைப்பதே செய்நிரலாளர் கடன். கடலோடிகள் புயலுக்கு முன்னரே ஏட்டைத் திறந்து நேரந் தவறாது எழுதி வந்தனர். கரையேறிய ஏடு, கரையேறாத கப்பலுக்கும் சாட்சி கூறும்.